கிஃப்டட் குழந்தைக்கு சார்ட்டரா, டிஸ்ட்ரிக்ட் பள்ளியா? அமெரிக்காவின் இலவசப் பள்ளிகள் பற்றி ஒரு மதிப்பாய்வு

"சார்ட்டரில் இடம் கிடைத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் வட்டத்தில் அது பிள்ளையின் அறிவுக்குக் கிடைத்த சான்றிதழாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் கிடைத்தது குலுக்கலில் விழுந்த இடம். சார்ட்டர் பள்ளியும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் லாட்டரி. பெரும்பாலான மாநிலங்களில் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க அவற்றுக்கு அனுமதி இல்லை. மினசோட்டா 1991-இல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது, 1992-இல் செயின்ட் பாலில் முதல் பள்ளி திறந்தது. டிஸ்ட்ரிக்டின் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின்) கட்டுப்பாட்டுக்கு வெளியே புதிய பாடமுறைகளைச் செய்து பார்க்கலாம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். கிஃப்டட், அதாவது வயதை மீறிய திறன் உள்ள, பிள்ளைகளுக்கென்று உருவானதல்ல.

அதனால் "சார்ட்டர் நல்லதா, டிஸ்ட்ரிக்ட் நல்லதா" என்று கேட்டுப் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட பள்ளியில், ஆசிரியர் நடத்தப்போகும் பாடம் உங்கள் குழந்தைக்கு முன்பே தெரிந்திருந்தால், அடுத்த திங்கட்கிழமை அந்தக் குழந்தை எந்த அறையில், எந்தப் புத்தகத்தோடு உட்காரும்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளிதான் நல்ல பள்ளி, அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

முதலில் சட்டம்

கிஃப்டட் கல்வி என்பது அமெரிக்காவில் கூட்டரசு தரும் உரிமை அல்ல. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு ஐ.டி.இ.ஏ. சட்டம் இருக்கிறது. திறன் மிகுந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. எல்லாம் மாநிலத்தின் கையில்தான். ஒரே வேலைக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் இதில்தான் முதலில் இடறுகின்றன.

பென்சில்வேனியாவில் 'சாப்டர் 16' என்ற விதி இருக்கிறது. ஐ.க்யூ. 130 அல்லது அதற்கு மேல் இருந்து, தனிப் பாடத்திட்டம் தேவைப்பட்டால், டிஸ்ட்ரிக்ட் எழுத்துபூர்வமாக ஒரு கிஃப்டட் திட்டம் போட்டே ஆக வேண்டும். 130-க்குக் கீழே இருந்தாலும் வேறு சான்றுகள் வலுவாக இருந்தால் தகுதி உண்டு. பெற்றோர் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்த 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும், கோடை விடுமுறை அந்தக் கணக்கில் வராது. ஆனால் இந்த விதி சார்ட்டர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. டிஸ்ட்ரிக்டில் கிஃப்டட் திட்டம் வைத்திருந்த குழந்தையைச் சார்ட்டருக்கு மாற்றினால், அந்தக் காகிதத்துக்கு இருந்த சட்டபலம் அங்கே நின்றுவிடும். மாற்றிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

ஒஹாயோவில் டிஸ்ட்ரிக்ட் கிஃப்டட் பிள்ளைகளை அடையாளம் காண வேண்டும், ஆனால் அவர்களுக்கென்று தனியாக எதுவும் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "உங்கள் குழந்தை கிஃப்டட்" என்று கடிதம் வரும், அதற்குப் பிறகு எதுவுமே நடக்காமலும் போகலாம். கலிஃபோர்னியாவில் 2013-இல் நிதி ஒதுக்கும் முறையே மாறியது. கிஃப்டட் திட்டத்துக்கென்று தனியாக வந்த பணம் பொது நிதியில் கலந்துவிட்டதால், அங்கே தரம் டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ஜார்ஜியாவில் மனத்திறன், பாட அடைவு, படைப்பாற்றல், ஊக்கம் என நான்கு அளவுகோல்களில் மூன்றில் தேறினாலும் தகுதி உண்டு. இல்லினாயில் 2018 ஜூலை முதல், சீக்கிரமாகப் பள்ளியில் சேர்ப்பது, ஒரு பாடத்தில் மட்டும் மேலே போவது, ஒரு வகுப்பையே தாண்டுவது ஆகியவற்றுக்கு டிஸ்ட்ரிக்ட் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டெக்சஸில் 2023-இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் மேல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் தாமாகவே மேம்பட்ட கணிதத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும் முன் மாநிலக் கல்வித்துறையின் தளத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அடையாளம் காண்பது, சேவை தருவது இரண்டும் கட்டாயமா? அந்தக் கட்டாயம் சார்ட்டருக்கும் பொருந்துமா? அரை மணி நேர வேலைதான்.

டிஸ்ட்ரிக்ட் என்ன தருகிறது

'கிஃப்டட் புரோகிராம் இருக்கிறது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே அழைத்துப் போய்ப் புதிர், புராஜெக்ட் என்று செய்ய வைப்பது 'புல்அவுட்'. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வாரம் முப்பது மணி நேரத்துக்கு மேல் பள்ளியில் இருக்கும் குழந்தைக்கு அது ஊறுகாய்தான், சாப்பாடு ஆகாது. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. வெளியே போன நேரத்தில் வகுப்பில் நடந்த பாடத்தின் ஒர்க்‌ஷீட்டுகளைத் திரும்பி வந்து முடிக்கச் சொல்வார்கள், அது இரட்டை வேலையாகிவிடும். "தவறவிட்ட வேலையை முடிக்க வேண்டுமா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

'கிளஸ்டர்' முறையில் நான்கு முதல் எட்டு கிஃப்டட் பிள்ளைகளை ஒரே சாதாரண வகுப்பில் சேர்த்துப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரிடம் விடுகிறார்கள். அந்த ஆசிரியர் நன்றாக இருந்தால் பிரமாதம், இல்லையென்றால் பெயரளவுதான். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவதால் ஒரு வருடம் நன்றாகப் போனதை வைத்து அடுத்த வருடத்தை எடைபோட முடியாது.

நாள் முழுவதும் தனி வகுப்பாக நடப்பதுதான் டிஸ்ட்ரிக்ட் தரக்கூடியதில் சிறந்தது. வர்ஜினியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் நடக்கும் நான்காம் நிலைத் திட்டம் இந்த வகை. முதல் வகுப்பில் என்.என்.ஏ.டி., இரண்டாம் வகுப்பில் கோகாட் என்ற திறனறி தேர்வுகளை எழுதி, குழந்தையின் வேலை மாதிரிகள், ஆசிரியர் மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மூன்றாம் வகுப்பிலிருந்து இடம் தருகிறார்கள். இப்படி முழுநேரத் திட்டம் உள்ள டிஸ்ட்ரிக்டில் இடம் கிடைத்த குழந்தையை, வெறும் நற்பெயரை நம்பிச் சார்ட்டருக்கு மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

நான்காவது வழி, பாடத்தில் முன்னேற்றம். மூன்றாம் வகுப்புக் குழந்தை கணிதத்துக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு அறைக்குப் போவது. செலவு குறைவு, பலன் அதிகம். பெரும்பாலும் இதைத் தடுப்பது மனமில்லாமை அல்ல, கால அட்டவணை. மூன்றாம் வகுப்புக் கணிதம் காலை 9 மணிக்கும் ஐந்தாம் வகுப்புக் கணிதம் மதியம் 1 மணிக்கும் நடந்தால், குழந்தை அறிவியலையோ எழுத்துப் பயிற்சியையோ இழந்துதான் போக வேண்டும். காலையில் தன் வகுப்பில் கணிதம் நடக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கவும் வேண்டும். பள்ளி முழுவதும் ஒரே நேரத்தில் கணிதம் வைத்திருக்கிறார்களா என்று மாஸ்டர் ஷெட்யூலை, அதாவது எல்லா வகுப்புகளின் கால அட்டவணையை, கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு தாள், பள்ளியின் வண்ணக் கையேட்டைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து, அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது ஏழாம் வகுப்புக் கணிதம் தேவைப்படும். அது வேறு கட்டடத்தில், மிடில் ஸ்கூலில் இருக்கிறது. பஸ் யார் விடுவது? இரண்டு பள்ளிகளும் தொடங்கும் நேரம் வேறு வேறு. ஏற்பாட்டின் மூன்றாம் ஆண்டில் எல்லாம் குலைவது இந்த இடத்தில்தான். முதல் நாளே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

சார்ட்டரின் பலமும் பலவீனமும்

கிஃப்டட் குழந்தையை மனதில் வைத்துப் பார்த்தால் சார்ட்டரில் மூன்று வகை கண்ணில் படும். வேகப் பாடத்திட்டம், செவ்வியல் கல்வி, புராஜெக்ட் அல்லது மாண்டிசோரி வழி.

வேகப் பாடத்திட்டத்துக்கு எல்லோரும் அறிந்த உதாரணம் 1998-இல் அரிசோனாவின் டூசானில் தொடங்கிய பேசிஸ். ஆறாம் வகுப்பிலிருந்தே உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் தனித்தனிப் பாடம். உயர்நிலை வகுப்புகளில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் கட்டாயம். எல்லோருக்கும் ஒரே வேகம், அந்த வேகம் அதிகம் என்பதுதான் இதன் சாரம். சீராக எல்லாப் பாடத்திலும் வல்ல, ஒழுங்காக நோட்டு எழுதும், வீட்டுப்பாடத்துக்கு அஞ்சாத குழந்தை இங்கே தழைக்கும். கணிதத்தில் நான்கு வருடம் முன்னால் இருந்து, கையெழுத்தில் திணறும் குழந்தை இங்கே நொறுங்கிப் போகலாம். இரண்டு குழந்தைகளும் கிஃப்டட்தான். வேகமான பள்ளி எல்லாக் கிஃப்டட் குழந்தைக்கும் ஏற்ற பள்ளி ஆகிவிடாது.

கிரேட் ஹார்ட்ஸ் போன்ற செவ்வியல் பள்ளிகளில் லத்தீன், மூல நூல்கள், வட்டமாக உட்கார்ந்து விவாதம் என்று நடக்கும். வாசிப்பில் மூழ்கும், கேள்வி கேட்டுக் குடையும் பிள்ளைகளுக்கு அருமையான இடம். புராஜெக்ட் வழிப் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. ஆண்டு இறுதியில் பிள்ளைகள் எழுதியதைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

சார்ட்டரில் பெரும்பாலோர் பார்க்கத் தவறும் விஷயம் அளவு. முந்நூறு பிள்ளைகள் படிக்கும், எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியில் ஏழாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த குழந்தைக்கு எட்டாம் வகுப்பில் ஜியாமெட்ரி நடத்த ஆளே இருக்க மாட்டார். ஒரு குழந்தைக்காக ஆசிரியர் வைக்க முடியாது. 'ஆன்லைனில் படிக்கட்டும்' என்று நூலகத்தில் லேப்டாப்போடு உட்கார வைப்பார்கள். டிஸ்ட்ரிக்ட் பள்ளியாக இருந்தால் பக்கத்து ஹைஸ்கூலைக் கேட்கலாம், சார்ட்டருக்கு அந்த உறவு பெரும்பாலும் இருக்காது. மாறாக, கிண்டர்கார்டனிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கட்டடத்தில் நடத்தும் சார்ட்டரில் இந்தப் பிரச்சினையே இல்லை. வராந்தாவைக் கடந்தால் அடுத்த பாடம். கணிதத்தில் பறக்கும் குழந்தைக்குச் சார்ட்டர் தேடுகிறீர்கள் என்றால், பன்னிரண்டு வரை உள்ள பள்ளியை மட்டும் பாருங்கள்.

அல்ஜீப்ரா கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தால் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் கடந்து பன்னிரண்டில் கால்குலஸ். ஏழிலேயே முடித்தால் பதினொன்றில் கால்குலஸ், அதற்குப் பிறகு ஒரு வருடம் மிச்சம். அந்த வருடத்துக்குப் பள்ளியில் மல்ட்டிவேரியபிள் கால்குலஸ் இருக்கிறதா, அல்லது கம்யூனிட்டி காலேஜில் படிக்க வழி இருக்கிறதா? பாதை ஒரு வாக்கெடுப்பில் மாறவும் கூடும். சான் ஃபிரான்சிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து 2024-இல்தான் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது.

மதிப்பெண் தாளை வாசிப்பது

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் குழந்தையின் தாளைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். கோகாட் தேர்வில் மூன்று பகுதிகள்: மொழி, எண், வடிவம். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 16. ஒரு தாளில் மொழி 112, எண் 140, வடிவம் 118 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் '7ஈ (க்யூ+)' என்று ஒரு குறியீடு இருக்கும். 7 என்பது, மூன்று பகுதிகளுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை தரும் படிகளில் நடுவில் வரும் படி. 'ஏ' என்று இருந்தால் மூன்றும் ஏறக்குறைய சமம், 'ஈ' என்றால் ஏதோ இரண்டுக்கு நடுவே குறைந்தது 24 புள்ளி இடைவெளி. 'க்யூ+' என்பது எண் பகுதி தனித்து உயர்ந்திருப்பதைச் சொல்கிறது. மொத்த மதிப்பெண் 132 வேண்டும் என்று கோடு போடும் டிஸ்ட்ரிக்டில் இந்தக் குழந்தை தேறாது. ஆனால் எண் திறனில் அது நூறில் முதல் ஒன்றில் இருக்கிறது. இந்தக் குழந்தைக்குத் தேவை கிஃப்டட் முத்திரை அல்ல, கணிதத்தில் முன்னேற்றம். எல்லாப் பாடத்தையும் வேகமாக ஓட்டும் சார்ட்டரைவிட, கணிதத்தை மட்டும் உயர்த்தித் தரும் சாதாரண டிஸ்ட்ரிக்ட் பள்ளியே இதற்கு மேல்.

வீட்டில் தமிழ் பேசி வளரும் சிறு குழந்தைகளுக்கு மொழிப் பகுதி தாழ்ந்து வருவது இயல்பு. அப்படியானால் எண், வடிவம் இரண்டையும் மட்டும் சேர்த்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று கேளுங்கள். கோகாட் தாளிலேயே அதைத் தனியாகத் தர முடியும்.

தனியாக உளவியலாளரிடம் எடுக்கும் விஸ்க் என்ற ஐ.க்யூ. தேர்வில் விலக்கம் 15, ஆகவே அங்கே 130 என்பது கோகாட்டில் 132-க்குச் சமம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதாட வேண்டாம். விஸ்க்-5-இல் முழு ஐ.க்யூ. ஏழு உட்தேர்வுகளிலிருந்து வருகிறது. நினைவாற்றல், வேகம் ஆகிய பகுதிகளை நீக்கி ஐந்திலிருந்து கணக்கிடும் பொதுத்திறன் எண் இன்னொன்று உண்டு, ஜி.ஏ.ஐ. என்பார்கள். ஆழமாக யோசித்து மெதுவாக எழுதும் குழந்தைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். அறிக்கையில் இரண்டையும் தரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். நினைவிலோ வேகத்திலோ உள்ள குறையை மட்டும் காரணம் காட்டித் தகுதியை மறுக்கக் கூடாது என்று பென்சில்வேனியா விதியே சொல்கிறது. பணம் கட்டும் முன் டிஸ்ட்ரிக்ட் தனியார் தேர்வை ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் ஏற்பதில்லை.

திறனும் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகள், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் உள்ள கிஃப்டட் பிள்ளைகள், தனிக் கவனத்துக்கு உரியவர்கள். ஐ.இ.பி. (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்), 504 பிளான் (குறைபாட்டுக்கு ஏற்ற வகுப்பறைச் சலுகைகள்) இரண்டையும் சார்ட்டரும் மதித்தே ஆக வேண்டும், அது கூட்டரசுச் சட்டம். "எங்களிடம் அந்த வசதி இல்லை, உங்களுக்கு இந்தப் பள்ளி ஒத்துவராது" என்று நாசூக்காகச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அது தவறு. ஆனால் உரிமை இருப்பதும் ஆள் இருப்பதும் வேறு. ஸ்பீச், ஆக்குபேஷனல் தெரபி தருபவர் பள்ளியின் ஊழியரா, வாரம் ஒருநாள் வந்துபோகும் ஒப்பந்தக்காரரா என்று கேளுங்கள். பொதுவாக, பெரிய டிஸ்ட்ரிக்டுகளுக்கு ஆள்பலம் அதிகம். இந்தக் குழந்தைகளுக்கு முதலில் டிஸ்ட்ரிக்டைத்தான் பார்ப்போம்.

பார்வையிடும்போது

சுற்றிக்காட்டும் நிர்வாகியைவிட நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசுவது மேல். "பாடம் தொடங்கும் முன்பே யூனிட் டெஸ்டில் 90 வாங்கிய குழந்தைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கூடுதல் ஒர்க்‌ஷீட்", "மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்போம்" என்று வந்தால் அந்தப் பள்ளியில் ஏற்பாடு எதுவும் இல்லை என்று பொருள். "அந்த யூனிட்டைச் சுருக்கிவிட்டு இந்தப் பாடத்துக்குப் போவோம்" என்று பாடத்தின் பெயரோடு பதில் வந்தால் நம்பலாம்.

மாநில ரிப்போர்ட் கார்டில் தேர்ச்சி சதவீதம் அந்த ஊரின் வருமானத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். பார்க்க வேண்டியது, பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் வளர்ச்சி எண், குறிப்பாக ஏற்கெனவே மேலே இருக்கும் பிள்ளைகளின் வளர்ச்சி. தேர்ச்சி 95 சதவீதம், வளர்ச்சி சராசரிக்குக் கீழே என்றால், கெட்டிக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள், வந்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

சார்ட்டருக்கு இன்னொரு கணக்கு அவசியம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்ற பட்டியல் பொதுவில் கிடைக்கும். ஆறாம் வகுப்பில் 120 பேர் சேர்ந்த அதே குழு, ஆறு ஆண்டு கழித்துப் பன்னிரண்டில் 50 பேராக இருந்தால், அந்த உயர்ந்த ஏ.பி. சராசரி மிஞ்சிய 50 பேருடையது. விலகிப்போன 70 பேர் ஏன் போனார்கள் என்று விலகிய ஒரு குடும்பத்தைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். சார்ட்டர் உரிமம் பல மாநிலங்களில் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அரிசோனாவில் முதல் உரிமமே பதினைந்து ஆண்டு. புதுப்பிப்பு எப்போது, கடந்த முறை நிபந்தனை ஏதும் விதித்தார்களா என்பதை உரிமம் தரும் அமைப்பின் ஆவணங்களில் பார்க்கலாம். பஸ், மதிய உணவு, பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு மூன்றும் உண்டா என்பதையும் விட்டுவிடாதீர்கள். தினமும் இருமுறை காரில் கொண்டுவிடுவதை எட்டு வருடம் செய்ய முடியாமல் நல்ல பள்ளியை விட்டவர்கள் பலர்.

தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு. நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் போன்றவற்றுக்கு எஸ்.எச்.எஸ்.ஏ.டி. தேர்வு. வட கரோலினாவின் டர்ஹமில் 1980-இல் திறந்த அறிவியல் கணிதப் பள்ளியும், இல்லினாயின் அரோராவில் உள்ள ஐ.எம்.எஸ்.ஏ.வும் விடுதியோடு கூடிய மாநிலப் பள்ளிகள். மிக உயர்ந்த திறன் உள்ள பிள்ளைகளுக்கென்றே நெவாடாவின் ரீனோவில் 2006 முதல் டேவிட்சன் அகாடமி நடக்கிறது. இவை ஊருக்கு ஒன்று கிடையாது. ஆனால் ஹைஸ்கூலில் அங்கே போகும் எண்ணம் இருந்தால் எட்டுவரை எந்தப் பள்ளி என்பதில் அவ்வளவு பதற வேண்டாம்.

தேதிகளும் தவறுகளும்

கிஃப்டட் தேர்வுக்கான கோரிக்கை இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும் டிஸ்ட்ரிக்டுகள் பல. சார்ட்டர் விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில். நியூயார்க்கில் ஏப்ரல் 1-க்குப் பிறகு லாட்டரி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள், விண்ணப்பிப்பதால் எதையும் இழக்க மாட்டீர்கள். காத்திருப்போர் பட்டியல் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் வரை நகரும். ஆகஸ்டில் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள், சில பள்ளிகள் 24 அல்லது 48 மணி நேரம்தான் தருவார்கள். உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை உண்டு என்பதால், மூத்த குழந்தை முழுமையாகச் சேர்ந்த பிறகா, இடம் கிடைத்தவுடனேயா அந்த முன்னுரிமை பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்யவே முடியாத தவறு ஒன்று உண்டு. டிஸ்ட்ரிக்டின் முழுநேர கிஃப்டட் இடத்தை விட்டுவிட்டுச் சார்ட்டருக்குப் போய், ஒத்துவரவில்லை என்று நடுவில் திரும்புவது. உங்கள் முகவரிக்கு உரிய பள்ளி எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கிஃப்டட் சென்டரிலோ மேக்னெட் எனப்படும் சிறப்புப் பாடப் பள்ளியிலோ இருந்த இடம் காத்திருக்காது. விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன், "ஒரு வருடத்துக்குள் திரும்பினால் தகுதி செல்லுமா, மறுபடி தேர்வு எழுத வேண்டுமா?" என்று கிஃப்டட் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். மதிப்பெண் தாள்களின் அசல் நகல்கள், பகுதிவாரி எண்களோடு, உங்கள் வீட்டில் இருக்கட்டும். பள்ளி அனுப்பும் கோப்பில் 'தகுதி உண்டு' என்ற ஒரு வரி மட்டும் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது, அந்த ஒரு வரியை வைத்து எதிர்ப்பக்கம் இருப்பவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது.